டிடிடிஆர் அளவீட்டில் (லேசர் துடிப்பால் உலோகப் பூச்சைச் சூடாக்கி, அது குளிரும் விதத்திலிருந்து அடியிலுள்ள பொருளின் வெப்பக் கடத்துத்திறனைக் கணக்கிடும் முறை) இன்றும் உறுத்தும் அனுபவம் எது?

லேசர்மேசை:
சரிபார்ப்புக்காக மட்டும் ஏற்றிய மாதிரி அது: சிலிக்கான் மீது அலுமினியப் பூச்சு. அறை வெப்பநிலையில் சிலிக்கானின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டர்-கெல்வினுக்கு 140 வாட் அளவில் வரவேண்டும் என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. ஆனால் தரவைக் கணித மாதிரியோடு பொருத்தியபோது விடை 100ஐ ஒட்டி நின்றது. லேசர்ப் புள்ளியின் அளவையும் இரைச்சலிலிருந்து சமிக்ஞையைப் பிரித்தெடுக்கும் லாக்-இன் பெருக்கியின் கட்டத்தையும் மறுபடி பார்த்தும் மாற்றமில்லை. பிறகு சூடாக்கும் துடிப்புக்கும் அளக்கும் துடிப்புக்கும் உள்ள இடைவெளியை மாற்றும் தாமத மேடையைச் சிறு படிகளாக நகர்த்தி முதல் 50 பிகோ நொடிகளை மட்டும் பதிவு செய்தோம். துடிப்பு பட்டதும் பூச்சில் எழும் ஒலி அதன் அடிப்பக்கத்தில் மோதித் திரும்பும். பெட்டியின் மேல் எழுதியிருந்த பூச்சின் தடிமன் 80 நானோமீட்டர் என்பது உண்மையானால் அந்த எதிரொலி 25 பிகோ நொடியில் தென்பட்டிருக்க வேண்டும். அது 30இல் சிறு மேடாக எழுந்தது. அலுமினியத்தில் ஒலி ஒரு பிகோ நொடிக்கு 6.4 நானோமீட்டர் செல்கிறது, போய்த் திரும்பவும் வேண்டும். ஆகவே படலம் 96 நானோமீட்டர். கணக்கிடும் கடத்துத்திறன் ஏறக்குறைய தடிமனின் இருபடியைப் பின்தொடர்வதால், தடிமனில் 20 விழுக்காடு கூடினால் விடை 40 விழுக்காட்டுக்கும் மேல் நகர்ந்துவிடுகிறது. எண் சரியாயிற்று. எனினும், அதே கூடத்தில் பூசி, அதே பெட்டி எழுத்தை நம்பி அளந்த மாதிரிகளின் எண்கள் வேறொருவரின் ஆய்வேட்டில் ஏற்கெனவே இடம்பெற்றுவிட்டன.

சஃபயர்த்துண்டு:
ஒரு மேட்டை மட்டும் வைத்துத் தடிமனை முடிவு செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அலுமினியத்தின் ஒலித்தடையும் (அடர்த்தியையும் ஒலிவேகத்தையும் பெருக்கி வருவது) சிலிக்கானின் ஒலித்தடையும் மிக அருகருகே இருப்பவை. ஒலியின் பெரும்பகுதி எல்லையைக் கடந்து கீழே போய்விடும், திரும்புவது சொற்பம். என் அனுபவம் சிறியதுதான்: ஒரே பூச்சில் பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டில், சிலிக்கானில் இரைச்சலுக்குள் புதைந்திருந்த எதிரொலி சஃபயரில் ஐயத்துக்கு இடமின்றி நிமிர்ந்து நின்றது. எனவே ஒவ்வொரு பூச்சின்போதும் ஒரு சஃபயர்த் துண்டையும் சேர்த்து வையுங்கள். பூச்சு எங்கும் சீராகப் படியாது என்பதால் மாதிரியை ஒட்டியே வையுங்கள். அலுமினியத்தின் மேல் தானே உருவாகும் சில நானோமீட்டர் ஆக்சைடைக் கணக்கில் சேருங்கள். நான்முனை அளவீட்டில் மின்தடையை எடுத்து, மின்கடத்தலையும் வெப்பக் கடத்தலையும் இணைக்கும் வீட்மன்–பிரான்ஸ் விதிப்படி உலோகத்தின் வெப்பக் கடத்துத்திறனையும் தனியே கணக்கிடுங்கள். இவற்றுக்குப் பிறகுதான் பொருத்துதலைத் தொடங்க வேண்டும். அதற்கு முன் கிடைக்கும் எண்ணை யாரிடமும் சொல்லக்கூடாது என்பது என் கட்சி.

அதிர்வெண்:
இருவரும் தடிமனிலேயே நிற்கிறீர்கள். எங்கள் சிலிக்கான்-ஜெர்மானியம் படலத்தில் தடிமன் உறுதியாகத் தெரிந்திருந்தும், பண்பேற்ற அதிர்வெண்ணை, அதாவது சூடாக்கும் லேசரை ஏற்றி இறக்கும் வேகத்தை, 1 மெகாஹெர்ட்ஸிலிருந்து 10க்கு உயர்த்தியதும் கடத்துத்திறன் கண்முன்னே இறங்கியது. இத்தகைய கலவைக் குறைகடத்திகளில் இதை 2007இல் ஆய்வாளர்கள் யீ கான் கோவும் டேவிட் கேஹிலும் வெளியிட்டிருக்கிறார்கள்: அதிர்வெண் கூடக்கூட வெப்பம் ஊடுருவும் ஆழம் குறைகிறது; அந்த ஆழத்தைவிட நீண்ட தூரம் மோதாமல் ஓடும் ஃபோனான்கள் (படிகத்தில் வெப்பத்தைச் சுமக்கும் அதிர்வுகள்) அளவீட்டில் பங்கெடுப்பதில்லை என்பது அவர்களின் விளக்கம். அட்டவணையில் எந்த எண்ணைப் போடுவது என்று கேட்டதற்கு வழிகாட்டி இரண்டையும் அதிர்வெண்ணோடு போடச் சொன்னார். மதிப்பீட்டாளரோ ஒன்றை நீக்கச் சொன்னார். நீக்கினோம். எது நீக்கப்பட்டது என்று கட்டுரையைப் படிப்பவருக்குத் தெரிய வழியில்லை.

லேசர்மேசை:
சஃபயர்த்துண்டு அவர்களுக்கு: மேட்டை மட்டும் நம்பவில்லை, எக்ஸ்-கதிர் எதிரொளிப்பும் 95 நானோமீட்டர் அளவிலேயே தந்தது. அந்தக் கூடத்தில் கூடுதலாக ஒரு துண்டு வைக்கத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள்.