மறு: தேன்பெட்டி வாசலில் கடந்தல் செய்வதற்கு ஒரு சொல்

குழுவினர்க்கு வணக்கம்.

கடந்தல் என்னும் பெரிய கொட்டும் பூச்சி தேன்பெட்டி வாசலில் அந்தரத்தில் நின்று, திரும்பி வரும் தேனீயைப் பிடிப்பதை ஆங்கிலத்தில் "ஹாக்கிங்" (hawking) என்கிறார்கள். அதற்குத் தமிழ் கேட்ட நண்பர், தேனீ வளர்ப்புக் கையேட்டின் அதே பத்தியில் ஐந்து நாளாக நிற்கிறார். இங்கே பரிந்துரைகள் மட்டும் வந்து குவிகின்றன. நான் மொழியறிஞன் இல்லை. மார்த்தாண்டம் பக்கம் வீட்டுத் தோட்டத்தில் ஆறு தேன்பெட்டி வைத்திருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் பூச்சியின் பெயர். மூன்று மடல்களில் "குளவி" என்றே வந்திருக்கிறது. சுவரில் மண்கூடு கட்டும் ஒல்லி இடுப்புக்காரியும் குளவிதான். அவளுக்கும் தேன்பெட்டிக்கும் ஒரு வழக்கும் கிடையாது. இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிப்பவர்களைக் "குளவி கொட்டியது" என்று செய்தி வருகிறதே, அதில் பல நேரம் கொட்டியது மலைத்தேனீ. ஆக, அந்தச் சொல் ஏற்கெனவே அளவுக்கு மீறிச் சுமக்கிறது. நாம் பேசுவது வெஸ்பா பேரினம், ஆங்கிலத்தில் ஹார்னெட். தஞ்சைப் பக்கம் கதண்டு, எங்கள் பக்கம் கடந்தல், கடந்தை. மலையாளத்திலும் ஏறக்குறைய இதேதான். கையேட்டில் கடந்தல் என்று வைத்து, முதல் இடத்தில் மட்டும் கதண்டு என்றும் சொல்லிவிட்டால் போதும். "விஷ வண்டு" வேண்டவே வேண்டாம். அது வண்டே இல்லை.

இனி வினை. கையேடு பேசுவது மஞ்சள்கால் கடந்தலைப் பற்றி. ஆசியாவிலிருந்து பிரான்சுக்குப் போய், 2004-இல் அங்கே கண்டறியப்பட்டு, பிறகு ஐரோப்பாவின் பல நாடுகளில் பரவிய இனம். அது பெட்டிக்குள் பாய்வதில்லை. வாசலுக்குச் சற்று முன்னால் அந்தரத்தில் நிற்கிறது, அதுவும் பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அதன் கண் வெளியிலிருந்து பாரத்தோடு திரும்பும் தேனீமேல். பிடித்ததும் பக்கத்துக் கிளையில் காலால் தொங்கிக்கொண்டு தலை, சிறகு, வயிறு எல்லாவற்றையும் கத்தரித்துப் போட்டுவிடும். நெஞ்சுப் பகுதியை மட்டும் மென்று உருட்டிக் கூட்டுக்கு எடுத்துப் போகும். பறக்கும் தசை அங்கேதான் இருக்கிறது. அந்த இறைச்சியையும் அது தின்பதில்லை. புழுக்களுக்கு ஊட்டிவிட்டு, புழு சுரக்கும் சத்துநீரைத் தான் குடிக்கும். எங்கள் தோட்டத்துக்கு வரும் பட்டைக் கடந்தலும் கொஞ்சம் சோம்பலாக இதையேதான் செய்கிறது. "கடந்தல் நிக்குது" என்போம். அதற்கு மேல் எங்களிடமும் சொல் இல்லை.

இனிப் பரிந்துரைகள்.

> பருந்துவேட்டை

ஆங்கிலத்தில் "ஹாக்" என்றால் பருந்து. அந்த ஆங்கிலப் பருந்தின் இறகைப் பிய்த்து ஒட்டியதுபோல் இருக்கிறது. பருந்து என்றதும் நமக்கு மேலிருந்து பாய்ந்து கோழிக்குஞ்சைத் தூக்குவதுதான் நினைவுக்கு வரும். இது பாய்வதற்காக வரவில்லை, நிற்பதற்காக வருகிறது.

> வட்டமிடல்

சுற்றினால்தானே வட்டம்?

> கூவி விற்றல்

அதே ஆங்கிலச் சொல்லுக்குத் தெருவில் கூவி விற்பது என்றும் பொருள் உண்டு. மொழிபெயர்ப்புப் பொறியின் கைவண்ணம் என்று நண்பரே ஒப்புக்கொண்டார். நல்லவேளை, கடந்தல் அப்பளம் விற்கவில்லை.

> வழிப்பறி

இது என்னை ஒரு நாள் முழுக்க மயக்கியது. ஆனால் வழிப்பறிக்காரன் மூட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஆளை விடுவான். கடந்தல் செய்வது நேர்மாறு. தேனீ மதுவைச் சுமந்து வருவது வயிற்றுக்குள் இருக்கும் பையில். கடந்தல் அந்த வயிற்றைத்தான் கீழே போடுகிறது. மூட்டை வேண்டாம், ஆள்தான் வேண்டும். "ஆறலைத்தல்" என்று பழஞ்சொல்லை எடுத்துத் தந்த அம்மாவுக்கு நன்றி. ஆறு என்றால் வழி, வழிப்பறிக்கே பழைய பெயர். அழகான சொல், ஆனால் இன்று கேட்பவருக்கு ஆற்றில் அலையடிக்கும்.

நான் போன மடலில் "வாசல் மறியல்" என்றேன். யாழ்ப்பாண நண்பர் உடனே பிடித்துக்கொண்டார்: அவர்கள் ஊரில் மறியல் என்றால் சிறை, விளக்கமறியல் என்றால் வழக்கு முடியும்வரை காவலில் வைப்பது. நான் இங்கே சாலை மறியலை மனத்தில் வைத்து எழுதினேன். இரண்டு கரையிலும் படிக்கப்போகும் கையேட்டுக்கு இது சரிவராது. திரும்பப் பெறுகிறேன், பதிலாக "வாசல்மறிப்பு".

"மறிப்பில் கொலை எங்கே?" என்று கேட்டிருந்தார்கள். கொலையைச் சொல்லாததுதான் இந்தச் சொல்லின் பலம் என்பது என் கட்சி. ஒரு கடந்தல் நாள் முழுக்க நின்று பிடித்தாலும் நல்ல பெட்டிக்கு அந்த இழப்பு தாங்கக்கூடியது. வாசலில் அது நிற்பதைப் பார்த்துத் தேனீக்கள் வெளியே போவதையே நிறுத்துகின்றனவே, பெட்டியைச் சாய்ப்பது அதுதான். வரவு நின்றுபோனால் சேமிப்பு கரையும், புழு வளர்ப்பு குறையும். ஐரோப்பாவில் அந்த நிலையில் குளிர்காலத்தைத் தாண்டுவது கடினம். இந்த முடக்கத்துக்கும் கையேட்டில் தனிச்சொல் தேவைப்படுகிறது. ஊரடங்கு நம் எல்லோருக்கும் பழகிவிட்டதே, அந்த அச்சிலேயே "கூடடங்கு" என்றால் என்ன? வாசல்மறிப்பு காரணம், கூடடங்கு விளைவு. பெரிய கடந்தல்கள் கூட்டமாக வந்து கூட்டையே சூறையாடுவது மூன்றாவது. அதைச் சூறையாடல் என்றே விடலாம்.

நம் நாட்டுத் தேனீ, கடந்தலோடு காலங்காலமாகப் பழகியது. காவல் தேனீக்கள் வாசலில் திரண்டு ஒன்றாக உடலை உலுக்கும். "உன்னைப் பார்த்துவிட்டோம்" என்று சொல்வதுபோல. கடந்தல் இன்னும் நெருங்கினால் மொத்தமாக மொய்த்து உருண்டையாகி, உள்ளே 46 பாகை செல்சியசை ஒட்டிச் சூடேற்றிக் கொன்றுவிடும். தேனீ அதைவிடச் சில பாகை கூடத் தாங்கும், அவ்வளவுதான் வித்தியாசம். இதற்கு "வெப்பப்பந்து" என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு "புழுக்குருண்டை" பிடித்திருக்கிறது, நெல் புழுக்குவதுபோல. வேறு இழையில் அடித்துக்கொள்வோம்.

கையேட்டுப் பத்தி இப்படி வரலாம்:

"வாசல்மறிப்பில் ஈடுபடும் கடந்தல் தன் கூட்டிலிருந்து விலகி இருப்பதால், பொதுவாக மனிதரைத் தாக்க முனைவதில்லை. அதைக் கண்டதும் கூட்டைத் தேடி எரிக்கக் கிளம்ப வேண்டாம்; தோட்டத்துக் கம்பளிப்புழுக்களையும் ஈக்களையும் அது பிடிக்கிறது. தேனீ நுழையவும் கடந்தல் நுழையாதிருக்கவும் வாசலைச் சிறிதாக்குக. கூடடங்கு தொடர்ந்தால் மட்டும் அடுத்த நடவடிக்கையை எண்ணுக. கூடு ஆள் நடமாடும் இடத்தில் இருந்தால் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுக."

வாசலைச் சிறிதாக்கினால் சூறையாடலைத் தடுக்கலாம். வெளியே நிற்பதை அது தடுக்காது. அந்த வரியை நண்பர் கொஞ்சம் தெளிவாக்க வேண்டும். அப்புறம், வினையாக எழுதும்போது "வாசல்மறிக்கிறது" என்று சேர்ப்பதா, "வாசலை மறிக்கிறது" என்று பிரிப்பதா? எனக்குப் பிரிப்பதுதான் காதுக்குச் சரியாகப் படுகிறது. மற்றவர்கள் சொல்லுங்கள்.