அலுமாரிக்குப் பின்னால் போன பூனை வெளியே வருதில்லை

கொழுந்துக்கூடை (தலவாக்கலை):
பண்டாரவளையில் இருந்து மாற்றலாகிப் போன டீச்சர் ஒருவர் தன் பெட்டைப் பூனையை எங்களுக்குக் கொடுத்தார், இரண்டு வயது இருக்கும். சனிக்கிழமை பஸ்ஸில் கூடைக்குள் வைத்துக் கொண்டுவந்தோம், வழியெல்லாம் கத்தல். திறந்துவிட்டதும் அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்ததுதான், இன்றைக்கு மூன்றாம் நாள். சோறும் நெத்தலியும் வைத்தபடியே இருக்கிற மாதிரித்தான் தெரிகிறது. மகன் கையை விட்டு இழுக்கப் போய் நேற்று கீறல் வாங்கினான். மாமியார், சாக்கில் போட்டு அடுப்பை மூன்று சுற்று சுற்றினால் வீட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்கிறார். எங்களுடையது லயத்து வீடு, ஒரு காம்பரா, இஸ்தோப்பு (முன் திண்ணை), குசினி, அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் இரண்டு நாய் வேறு. என்ன செய்யலாம்?

ஹட்டன்காரன்:
தங்கச்சி, பூனையை விடுங்கள், முதலில் பையன். கீறலைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு இன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். விசர்நோய்த் தடுப்பூசி அட்டை இருக்கிறதா என்று டீச்சரிடம் கேளுங்கள், அப்படியே அது படுத்துக்கிடந்த பழைய துணி ஏதாவது இருந்தால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள், அதன் வாசனை கிடைத்தால் கொஞ்சம் அடங்கும். சாக்கு வேண்டவே வேண்டாம், இப்போதுதான் கூடையில் இருந்து தப்பியிருக்கிறது! அலுமாரிப் பக்கமாக ஒரு கார்ட்போர்ட் பெட்டியைச் சாய்த்து உள்ளே பழைய சுவெட்டர் போட்டு வையுங்கள். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது.

ரெண்டு பூனை அக்கா:
ஒளிந்திருப்பது சாதாரணம்தான், என் கறுப்பி ஒரு வாரம் விறகு அடுக்குக்குள் கிடந்தாள். ஆனால் சாப்பிடாமல் இருப்பதை அப்படி விடக் கூடாது. பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து ஆளையே கவிழ்த்துவிடும், கொழுத்த பூனை என்றால் இன்னும் மோசம். அதனால் உண்மையிலேயே சாப்பிடவில்லையா என்று பாருங்கள். ராத்திரி லைட்டை நிறுத்தும்போது தட்டைச் சுற்றிக் கொஞ்சம் கோதுமை மாவு தூவிவிட்டுப் படுங்கள். ஒரு தட்டில் மணல் போட்டுச் சாப்பாட்டுக்கு எட்டத்தில் வைத்து, காலையில் ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். தலவாக்கலைக் குளிரில் ஆறின சோறு மணக்காது, சோற்றைச் சூடாக்கி டின் மீன் கொஞ்சம் பிசைந்து வையுங்கள். பால்மா கரைத்து ஊற்றாதீர்கள், வயிற்றால் போகும். பனடோல் ஒரு துண்டுகூடக் கொடுக்கக் கூடாது, பூனைக்கு அது நஞ்சு. நாளைக்கும் வாய் வைக்கவில்லை என்றால் மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

மலைக்காற்று:
ஒன்று சேர்க்கிறேன். குறைந்தது மூன்று வாரம் இஸ்தோப்புப் பக்கமே விடாதீர்கள், பழைய வீட்டைத் தேடிக் கிளம்பும், அதிலும் நாய் துரத்தினால் மலைக்குள் போய்விடும். மூன்று வாரத்துக்குப் பிறகும்கூட, புல்லுக்கு மருந்து அடிக்கிற நாளில் உள்ளேதான், காலில் ஒட்டினதை நக்கும். சாம்பலுக்குள் சுருண்டு படுக்கும், அடுப்பு மூட்டுமுன் ஒரு தடவை பாருங்கள்.

கொழுந்துக்கூடை:
மகனுக்கு நேற்றே ஊசி போட்டாயிற்று. பூனைக்கு அட்டை இருக்கிறதாம், டீச்சர் அனுப்புகிறார். காலையில் பார்த்தால் மாவில் கால் தடம், தட்டு காலி, குசினி வரைக்கும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி! மணலும் ஈரம். அலுமாரிக்குப் பின்னால்தான் இன்னும் இருக்கிறது, ஆனால் வால் வெளியே தெரிகிறது. மாமியார் தன் சுவெட்டரைக் கேட்கிறார், அதைத்தான் பெட்டிக்குள் போட்டிருக்கிறேன்.