நான்கு மொழித் திரையில் ஒரே பட்டனைச் சோதனைக் கருவி கண்டுபிடிப்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே. சிங்கப்பூரின் ஜூரோங்கில் மென்பொருள் சோதனையாளராக வேலை பார்க்கிறேன். எங்கள் முன்பதிவு இணையதளம் ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என நான்கு மொழிகளில் இயங்குகிறது. தானியங்கிச் சோதனைகளை, உலாவியைத் தானே இயக்கும் செலினியம் என்ற கருவியில் எழுதுகிறேன்.

முதலில் ‘உறுதிசெய்’ பட்டனை அதன் மேலுள்ள எழுத்தை வைத்துத் தேடினேன். மொழி மாறியதும் கருவியால் கண்டுபிடிக்க முடியவில்லை. நிரலில் பட்டனுக்கு இருக்கும் அடையாளப் பெயரான ஐடியை நம்பலாம் என்றால், ஒவ்வொரு பதிப்பிலும் அது புதிதாக உருவாகிறது. வேறு வழியின்றி, பக்கத்தில் ஓர் உறுப்பு எங்கே இருக்கிறது என்று குறிக்கும் எக்ஸ்பாத்தில் ‘படிவத்தின் மூன்றாவது பட்டன்’ என்று எழுதினேன். போன வாரம் மேலே ஓர் உதவிப் பட்டனைச் சேர்த்தார்கள். மூன்றாவது இடத்துக்கு ‘ரத்துசெய்’ வந்துவிட்டது. கருவி அதை அழுத்தியது, முகப்புப் பக்கம் திரும்பியது, சோதனை வெற்றி என்று பச்சை நிறம் காட்டியது! முகப்பு வருகிறதா என்று மட்டும் சரிபார்த்தது என் தவறுதான், அதைத் திருத்திவிட்டேன்.

தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இதில் முன்பதிவு செய்கிறார்கள். தமிழ்ப் பக்கம் சரியாகச் சோதிக்கப்படாமல் வெளியே போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பானுக்காகப் பட்டனில் எழுதப்படும் பெயரான ஏரியா லேபிளும் மொழிபெயர்க்கப்படுவதால் அதுவும் கைகொடுக்கவில்லை. சோதனைக்கென்றே, மொழி மாறினாலும் மாறாத டேட்டா டெஸ்ட்ஐடி என்ற பண்பைப் பட்டனின் நிரலில் சேர்க்கச் சொன்னேன். நிரலாளர்கள் தேவையற்ற சுமை என்று தயங்குகிறார்கள். அவர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? அல்லது மொழிபெயர்ப்புக் கோப்பிலிருந்தே சொல்லை எடுத்துப் பட்டனைத் தேடிய அனுபவம் யாருக்காவது இருக்கிறதா? விவரமாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.