வாடைக் காலத்தில் கடலுக்குப் போகிறவரை அரசு தடுக்க வேண்டுமா?

அலஸ்தோட்டத்தான் (கேள்வி):

திருகோணமலையில் எங்கள் பகுதிக் கடற்றொழிலாளர் சங்கத்தில் இந்த வாடைக் காலம் (வடகிழக்குப் பருவக்காற்று வீசும் காலம்) தொடங்கியதிலிருந்து ஒரு வாதம் ஓய்ந்தபாடில்லை. வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கை விடுத்த நாட்களில் எவரும் படகு இறக்கக் கூடாது என்றும், மீறுகிறவரின் படகு அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்த வேண்டும் என்றும், இதை அரசாங்கமே சட்டமாக்க வேண்டும் என்றும் ஒரு தரப்பினர் கேட்கின்றனர். மறுதரப்பினரோ, உயிர் தங்களுடையது, தொழிலும் தங்களுடையது, இதில் கொழும்பிலிருந்து வரும் கட்டளைக்கு என்ன வேலை என்கின்றனர்.

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையைக் கடந்தபோது இப்படியொரு வாதம் எழவில்லை. படகுகளை எல்லோரும் தாமாகவே கரையேற்றிக் கட்டினார்கள். ஆனால் காற்றும் அலையும் சற்று மிஞ்சியிருக்கும் சாதாரண வாடை நாளில், போனால் ஆபத்து, போகாவிட்டால் அடுப்பு எரியாது என்ற நிலையில், தீர்மானிக்க வேண்டியவர் யார்? தலைக்கவசம் அணியாதவருக்குத் தண்டம் விதிக்கும் இதே அரசு, சிகரெட் பெட்டியில் எச்சரிக்கைப் படத்தை அச்சிட்டுவிட்டு வரியை வாங்கிக்கொண்டு விற்க விடுகிறது. எந்த ஆபத்தைத் தடுப்பது, எதை எச்சரிக்கையோடு விட்டுவிடுவது என்பதற்கு ஏதாவது நியாயமான அளவுகோல் உண்டா? யாராவது காணாமற்போனால் கடற்படையினர் மட்டுமல்லாமல் எங்கள் பொடியன்களும் அதே கடலில் இறங்கித் தேட வேண்டியிருக்கிறது என்பதையும் கருத்தில் கொண்டு பதில் சொல்லுங்கள்.

தாதியின் குறிப்பேடு:

விபத்துப் பிரிவில் வேலை செய்பவள் என்ற முறையில் தலைக்கவசச் சட்டத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். தலைக்கவசத்தை முழங்கையில் மாட்டிக்கொண்டு வந்து, பொலிஸார் நிற்கும் சந்தி தெரிந்ததும் அதைத் தலைக்கு ஏற்றி, சந்தி கழிந்ததும் மீண்டும் முழங்கைக்கு இறக்குகிறவர்களை இந்நகரில் எல்லோரும் கண்டிருப்பீர்கள். அப்படி வந்தவர்களில் சிலரை நான் வேறு நிலையிலும் பார்த்திருக்கிறேன்.

இருந்தாலும், இலவச வைத்தியசாலைச் செலவு மக்கள் பணத்திலிருந்து போகிறது, ஆகவே அரசு தலையிடலாம் என்று வழமையாகச் சொல்லப்படும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அதை ஏற்றுக்கொண்டால் நீரிழிவுக்காரர் குடிக்கும் தேநீரில் எத்தனை கரண்டி சீனி என்பதைக்கூட அரசு எண்ணலாம். அரசு அப்படிச் செய்யாமல், 2016இல் இனிப்புப் பானங்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறியீட்டைக் கட்டாயமாக்கியது. நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. குடிக்க விரும்புகிறவர் குடிக்கலாம். ஆனால் உற்பத்தியாளர் உண்மையை மறைக்க முடியாது.

என் அளவுகோல், அரசின் கை முதலில் பொருளின் மீதும் அதை விற்பவர் மீதும் விழ வேண்டும், மனிதர் மீது கடைசியாகவே விழ வேண்டும் என்பதுதான். 1995ஆம் ஆண்டளவில் இந்நாட்டில் உயிரை மாய்த்துக்கொள்வோர் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 என்ற நிலை இருந்தது. மிகக் கொடிய நச்சுத்தன்மையுள்ள பூச்சிகொல்லிகள் அந்த ஆண்டிலும் 1998இலும் தடைசெய்யப்பட்டன; பத்து ஆண்டுகளில் அந்த வீதம் ஏறக்குறையப் பாதியானது. பரகுவாட் என்ற களைகொல்லி போன்றவை 2008க்கும் 2011க்கும் இடையில் நீக்கப்பட்டன. விவசாயி எவருக்கும் தண்டம் விதிக்கப்படவில்லை, எவரும் பொலிஸ் நிலையத்துக்கு இழுக்கப்படவில்லை, விளைச்சல் குறைந்ததாக ஆய்வுகள் காட்டவுமில்லை. ஒரு கண வேதனையில் எடுக்கும் முடிவு மீளமுடியாததாகிவிடாமல் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

கந்தளாய் வயற்காரன்:

அக்கா சொன்னதன் மறுபக்கத்தையும் பதிவு செய்ய வேண்டும். 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தினதும் பூச்சிகொல்லி போன்ற விவசாய மருந்துகளினதும் இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோதும் மக்களின் ஆரோக்கியம்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. அங்கேயும் கை பொருளின் மீதுதான் விழுந்தது, ஆனால் நசுங்கியது விவசாயி. நவம்பரில் தடையை விலக்கியபோது பெரும்போக விதைப்புக் காலம் வந்துவிட்டிருந்தது. பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாக, மாற்று மருந்து கடையில் இருக்கும்போதே நீக்கியதற்கும், மாற்று எதுவுமின்றி எல்லாவற்றையும் ஒரே நாளில் நீக்கியதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லாமல் எந்த அளவுகோலும் நிற்காது.

உட்துறைமுகவீதிக்காரி:

பாதுகாப்பு என்ற பெயரில் வருவதெல்லாம் பாதுகாப்பல்ல. இந்நாட்டில் 1979 முதல் பெண்கள் மதுபானம் வாங்குவதற்குச் சட்டத் தடை இருந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த முடிவை மீளப்பெறச் சொன்னார். எனக்குக் குடிக்கும் எண்ணம் கிடையாது. ஆனால் அதே கடையில் ஆண்கள் வாங்கிக் குடித்துவிட்டு வந்து வீட்டில் அடிக்கிற அடியிலிருந்து என்னைக் காப்பாற்றாத சட்டம், என் கையில் போத்தல் வந்துவிடாமல் காப்பதில் மட்டும் இத்தனை அக்கறை காட்டுவது ஏன் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

கிண்ணியாச் சகோதரன்:

வணக்கம் சகோதரரே. உங்கள் கேள்வியில் "தாமே தெரிந்தெடுத்த ஆபத்து" என்ற எண்ணம் உள்ளே ஒளிந்திருக்கிறது. எங்கள் ஊர் அனுபவம் அதற்கு மாறானது. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலையில் குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை (ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் மிதவை) கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். அங்கே புதிய பாலத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் பாதையில் ஏறியவர்கள் ஆபத்தை விரும்பி ஏறியவர்கள் அல்லர். பள்ளிக்கூட மணி அடிக்கும் முன் அக்கரை சேர வேண்டியவர்கள். உயிர்காப்பு அங்கி எங்கே, எத்தனை பேரை ஏற்றலாம், மேற்பார்வை யார் பொறுப்பு என்ற கேள்விகளெல்லாம் ஜனாசாக்கள் (இறந்தவர்களின் உடல்கள்) வீடு வந்த பிறகுதான் உரக்கக் கேட்கப்பட்டன. மாற்று வழியைத் தராத அரசு "ஏறாதே" என்று சட்டம் போட்டிருந்தாலும் மக்கள் ஏறியிருப்பார்கள், அல்லது பிள்ளைகள் படிப்பை விட்டிருப்பார்கள். ஆகவே என்னைப் பொறுத்தவரை முதற் கேள்வி தடுப்பதா விடுவதா என்பதல்ல. அந்த மனிதருக்கு முன்னால் வேறு வழி ஏதாவது இருந்ததா என்பதுதான்.

திருக்கடலூர்ப் பெரியவர்:

தம்பிமாரே, தங்கச்சிமாரே, நான் கடலில் இளமையைக் கழித்தவன் என்பதால் சற்று நீட்டிச் சொல்ல அனுமதியுங்கள். சுனாமிக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள்ளும் தெற்கில் 100 மீற்றருக்குள்ளும் வீடு கட்டக் கூடாது என்றார்கள். அலை எங்களுக்கு மட்டும் இரு மடங்கு தூரம் வருமா என்று அன்றைக்கே கேட்டோம். படகையும் வலையையும் கண்ணுக்கு எட்டாத இடத்தில் விட்டுவிட்டு உள்ளூருக்குள் போய்ப் படுக்க எந்தத் தொழிலாளியாலும் முடியாது. சுற்றுலா விடுதிகளுக்கு மட்டும் சலுகை காட்டப்படுகிறது என்ற பேச்சும் எழுந்தது. கடைசியில் அந்த எல்லையைத் தளர்த்த வேண்டியதாயிற்று.

எச்சரிக்கை விடயத்துக்கு வருகிறேன். "காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரையான கடற்பரப்பு" என்று வானொலியில் ஒரே மூச்சில் வாசிக்கிறார்கள். அவ்வளவு நீளக் கரையில் ஓரிடத்தில் கடல் கொந்தளிக்கும், இன்னோரிடத்தில் குளம் போலக் கிடக்கும். எச்சரித்த நாளில் கடல் பல தடவை அமைதியாக இருந்ததைக் கண்டவன், உண்மையான ஆபத்து வரும் நாளிலும் அதை நம்பமாட்டான். அதற்கு மேலே முதலாளியிடம் வாங்கிய முற்பணம் வேறு கழுத்தைப் பிடிக்கிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை இருக்கிறது. அது மீன் இனப்பெருக்கத்துக்கான தடைதான், உயிர்ப் பாதுகாப்புக்கானது அல்ல. ஆனாலும் அந்த நாட்களுக்கு நிவாரணப் பணம் கொடுக்கிறார்கள். தொழில் நாளைத் தடுக்கிறவன் அந்த நாட்கூலியைக் கொடுக்கட்டும், பிறகு நானே சங்கத்தில் தடைக்கு ஆதரவாகக் கை தூக்குகிறேன்.

தாதியின் குறிப்பேடு:

பெரியவர் முதலாளியைப் பற்றிச் சொன்னதால் கேட்கிறேன். படகின் உரிமையாளர் கரையில் இருக்க, கூலிக்குப் போகிற இரண்டு பொடியன்கள் கடலில் இறங்கினால், அங்கே தன் உயிரைத் தானே பணயம் வைக்கிறவர் யார்? இறங்குவதா இல்லையா என்பதை அந்தப் பொடியன்களா தீர்மானித்தார்கள்?

அலஸ்தோட்டத்தான்:

எல்லோருக்கும் நன்றி. அக்காவின் கடைசிக் கேள்வியை எங்கள் சங்கத்தில் இதுவரை இரு தரப்பினரும் எழுப்பவில்லை. வாக்குரிமை உள்ளவர்களில் பெரும்பாலானோர் படகு உரிமையாளர்கள் என்பது அதற்குக் காரணமாக இருக்கலாம். அடுத்த கூட்டத்தில் தடையைப் பற்றிய பிரேரணைக்கு முன்பாக, எச்சரிக்கை உள்ள நாளில் இறங்க மறுக்கும் கூலியாளை எவரும் வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது, முற்பணத்தைத் திருப்பிக் கேட்டு நெருக்கவும் கூடாது என்ற பிரேரணையைக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். எச்சரிக்கையை இறங்குதுறை வாரியாகப் பிரித்துத் தருமாறு திணைக்களத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தின் வாசகத்தைப் பெரியவர் பார்த்துத் திருத்தித் தந்தால் உதவியாக இருக்கும். நிவாரணப் பணத்துக்கான கோரிக்கையை அதே கடிதத்தில் சேர்ப்பதா, தனியாக அனுப்புவதா?