பொருள்: நூலகக் கையேட்டில் ‘வீடிங்’குக்கு என்ன சொல்? வெள்ளிக்குள் வேண்டும்

துணை நூலகர், மதுரை:

குழுமத்தாருக்கு வணக்கம்.

எங்கள் பல்கலைக்கழக நூலகப் பணியாளர்களுக்குத் தமிழில் ஒரு கையேடு தயாராகிறது. காலையில் நாளிதழ்களுக்கு முத்திரை குத்துவதில் தொடங்கி இரவு வாசிப்பறையைப் பூட்டுவது வரை அன்றாட வேலைகள் எல்லாவற்றையும் எழுதியாயிற்று. வழங்கல், திரும்பப் பெறுதல், தாமதக் கட்டணம், சேர்க்கைப் பதிவேடு, பகுப்பெண், இருப்புச் சரிபார்ப்பு என்று பெரும்பாலான சொற்களில் சிக்கல் இல்லை. பயன்படாத நூல்களை அடுக்கிலிருந்து எடுத்துவிடும் ‘வீடிங்’ மட்டும் இடிக்கிறது. ஆங்கிலத்தில் அதற்குக் களையெடுத்தல் என்று பொருள்.

வேலை இதுதான். பாடத்திட்டம் மாறிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் விண்டோஸ் 98 கற்றுத்தரும் நூலில் பல படிகள் அடுக்கை அடைத்துக்கொண்டு கிடக்கும். அப்படிப்பட்ட நூல்களைப் பொறுக்கிப் பட்டியல் போட்டுத் துறை ஆசிரியர்களுக்கு அனுப்புவோம். அவர்கள் அடித்துத் திருத்தி அனுப்பியதும் நூலகக் குழுவின் ஒப்புதல், அப்புறம் ஆணை. சேர்க்கைப் பதிவேட்டில் அந்தந்த எண்ணுக்கு நேரே சிவப்பு மையில் ஆணை எண்ணும் தேதியும் எழுத வேண்டும், தலைப்புப் பக்கத்தில் முத்திரை குத்த வேண்டும், கோஹா என்ற நூலக மென்பொருளில் நிலையை மாற்ற வேண்டும். கட்டுக் கட்டுவது அதற்குப் பிறகுதான். இந்த முழு வேலைக்கும் ஒரு பெயர் வேண்டும்.

வரைவில் ‘களையெடுத்தல்’ என்று போட்டிருந்தேன். அடுக்கில் நூல் வைக்கும் ஊழியர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, “புத்தகத்தைப் போய்க் களைங்கிறீங்களே சார்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், கும்பகோணம்:

தம்பி, விடையைப் பவணந்தியார் எப்போதோ தந்துவிட்டார். நன்னூலின் கடைசி நூற்பா: ‘பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையினானே.’ சொற்களைப் பற்றிச் சொன்னது நூல்களுக்கும் அப்படியே பொருந்துகிறது. புதியன புகுதல் சேர்க்கைப் பதிவேடு என்றால் பழையன கழிதல் நீங்கள் கேட்கும் வேலை. கழிதல் தன்வினை, தானே நிகழ்வது. நாம் செய்விப்பதால் பிறவினையாகக் கழித்தல். நூல் என்பதோடு சேர்ந்து நூற்கழிப்பு.

இன்னொன்றையும் பாருங்கள். ‘சால உறு தவ நனி கூர் கழி மிகல்’ என்பதும் நன்னூல்தான். கழி என்ற உரிச்சொல்லுக்கு மிகுதி என்று பொருள். ஐந்து சீருக்கு மேற்பட்ட அடி கழிநெடிலடி. அளவு கடந்த மகிழ்ச்சி கழிபேருவகை. ஆக, அளவுக்கு மிஞ்சியதே கழிகிறது என்பது அந்த வேரிலேயே இருக்கிறது. ஒரே நூலின் பல படிகள் கிடக்கின்றன என்றீர்களே, அது கழி; அதை எடுப்பது கழிப்பு. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

கல்லூரி நூலக உதவியாளர், சென்னை:

ஐயா, விளக்கம் அருமை. ஆனால் ‘நூற்கழிப்பு’ என்று அறிவிப்புப் பலகையில் எழுதினால் எங்கள் மாணவர்கள் கழிப்பறை நோக்கித்தான் போவார்கள். அது போகட்டும், பழகினால் சரியாகிவிடும் என்றே வைத்துக்கொள்வோம். நடைமுறையில் வேறொரு தடை இருக்கிறது. நூல் கொள்முதல் கோப்பில் ‘கழிவு’ என்றால் விற்பனையாளர் தரும் விலைக்குறைப்பு. பட்டியல் விலை, கழிவு விழுக்காடு, நிகரத் தொகை என்று பற்றுச்சீட்டுக்குப் பற்றுச்சீட்டு எழுதுகிறோம். ஒரே கையேட்டின் கொள்முதல் பகுதியில் ‘நூற்கழிவு 20 விழுக்காடு’ என்றும் கடைசிப் பகுதியில் ‘நூற்கழிப்பு ஆணை’ என்றும் வந்தால் புதிதாகச் சேர்ந்தவர் என்ன நினைப்பார்?

நூலகர், யாழ்ப்பாணம்:

வணக்கம். நாங்கள் நூலகவியல் படித்த காலத்தில் இதைக் ‘கழித்தொதுக்கல்’ என்றுதான் படிப்பித்தார்கள். கழிப்பது ஒரு முடிவு, ஒதுக்குவது ஒரு செயல். இரண்டும் ஒரு சொல்லுக்குள் வந்துவிடுகிறது. கழிப்பறை நினைவும் வராது, ஏனெனில் ‘ஒதுக்கல்’ சேர்ந்தவுடன் பொருள் தெளிந்துவிடும்.

பேராசிரியர் ஐயா சொன்ன நன்னூலும் இதில் அடங்குகிறது. எங்கள் பக்கம் ‘இரவல் பகுதி’, ‘உசாத்துணைப் பகுதி’ என்று வழங்கும் சொற்களைத் தமிழ்நாட்டு நண்பர்கள் கண்டு வியப்பதுண்டு. அவற்றையும் கையேட்டில் எடுத்தாளலாம். ‘குறிப்புதவி’ என்று புதிதாய் ஒட்டுப் போடுவதைவிட உசாத்துணை நல்ல தமிழ். உசாவுதல் என்றால் கேட்டு அறிதல். வாசகர் வந்து கேட்கிறார், நூல் துணை நிற்கிறது.

கல்லூரி நூலக உதவியாளர், சென்னை:

அக்கா, உசாத்துணை எனக்கும் பிடித்த சொல். அதைத் தனி இழையில் பேசுவோம், இல்லையென்றால் வெள்ளி வந்துவிடும். ‘ஒதுக்கல்’தான் எங்களுக்கு இடிக்கிறது. வெளியே போயிருக்கும் நூல் திரும்பி வந்ததும் எனக்குத் தாருங்கள் என்று வாசகர் சொல்லி வைத்தால், அதை ‘ஒதுக்கி வைத்திருக்கிறோம்’ என்றுதான் மேசையில் சொல்கிறோம். அந்த அலமாரிக்கே ‘ஒதுக்கிய நூல்கள்’ என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. ஒருவருக்காகக் காத்திருக்கும் நூலும், யாருக்கும் வேண்டாம் என்று எடுத்த நூலும் ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்து அடுக்கில் இருந்தால் ஆபத்து.

வேளாண் கல்லூரி ஆசிரியர், கோவை:

களையெடுப்பு என்ற சொல்லை ஏன் இவ்வளவு எளிதில் கைவிடுகிறீர்கள்? களை என்பது கெட்ட செடி அன்று. இடம் மாறி முளைத்த செடி. நெல் வயலில் போன பருவத்து உளுந்து தலை நீட்டினால் அதுவும் களைதான். அது உளுந்தை இழிவு செய்வதாகாது. விண்டோஸ் 98 நூல் கணினி வரலாற்றுத் தொகுப்பில் இருந்தால் பயிர், முதலாண்டு மாணவர் கைவைக்கும் அடுக்கில் இருந்தால் களை. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை நடத்திய ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் கடைசி விதி, நூலகம் வளரும் உயிரி என்பது. எந்த உயிரியும் உதிர்க்காமல் வளர்வதில்லை. வள்ளுவரும் ‘பைங்கூழ் களைகட் டதனொடு நேர்’ என்று அரசனின் கடமையாகவே களையெடுப்பைச் சொன்னார். ஆயிரமாண்டுப் பழக்கமுள்ள சொல்லை விட்டுவிட்டு இலக்கணப் பெட்டியில் எதைத் தேடுகிறோம்?

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், கும்பகோணம்:

குறளை முழுதும் சொல்ல வேண்டும் ஐயா. ‘கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல்’ என்பது முதலடி. அங்கே களை, கொலை செய்யும் கொடியவர். அந்த உவமையை நூலுக்குக் கொண்டுவந்தால் மதுரையில் அந்த ஊழியர் கேட்ட கேள்வி இன்னும் கூர்மையாகிவிடும்.

‘களைகட்டுதல்’ என்பதை நாம் இன்று விழா சிறப்புறுவதற்குச் சொல்கிறோம். அங்கே களை வேறு, முகக்களையில் வருவது. ஒரு களைகட்டல் வயலைத் துப்புரவாக்குகிறது, இன்னொன்று விழாவை நிறைக்கிறது. இவ்விரண்டையும் பிரித்து ஒரு கட்டுரை எழுதலாம்.

மென்பொருள் தமிழாக்கத் தன்னார்வலர், சேலம்:

எல்லோருக்கும் வணக்கம். கோஹா இடைமுகப்பின் மொழிபெயர்ப்பில் வேலை செய்கிறேன். அங்கிருந்து பார்த்தால் நாம் ஒரு சொல்லைத் தேடவில்லை, மூன்றைத் தேடுகிறோம்.

முதலாவது, எந்த நூலை எடுப்பது என்று பார்த்துத் தேர்வது. இரண்டாவது, எடுத்தபின் அந்தப் படிக்கு நாம் தரும் நிலை. கோஹாவில் ஒவ்வொரு படிக்கும் தொலைந்தது, சேதமானது, வழங்கலுக்கு இல்லை, அப்புறம் இந்த நிலை என்று தனித்தனிப் புலங்கள் இருக்கின்றன. மூன்றாவது, கணக்கிலிருந்து மதிப்பைத் தள்ளுவது. மதுரை நண்பரின் சிவப்பு மை மூன்றாவதைச் சேர்ந்தது.

‘நீக்கம்’ என்று சிலர் எனக்குத் தனிமடலில் எழுதினார்கள். தயவுசெய்து வேண்டாம். பல மென்பொருள்களில் ‘நீக்கு’ என்றால் பதிவையே அழிக்கும் பொத்தான். கையேட்டில் ‘நூலை நீக்கவும்’ என்று படித்த ஊழியர் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டால் அந்தப் படியின் வரலாறு பட்டியலிலிருந்தே போய்விடும். தணிக்கைக்காரர் சேர்க்கை எண்ணைச் சொல்லிக் கேட்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது. நிலை மாற்றினால் பதிவு இருக்கும், நூல் மட்டும் இருக்காது. ‘விலக்கு’ என்று போட்டாலும் இதே தொல்லை. தாமதக் கட்டணத்தில் சலுகை தருவதை விலக்கு என்கிறோம்.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், கும்பகோணம்:

ஒரு சிறு செய்தி. கோஹா என்று ஏன் கிரந்தம்? கோகா என்றால் குறைந்துவிடுமா? அந்தச் சொல்லின் பொருள் என்ன?

மென்பொருள் தமிழாக்கத் தன்னார்வலர், சேலம்:

நியூசிலாந்தில் உருவான மென்பொருள், ஐயா. மாவோரி மொழியில் கொடை என்று பொருள். கட்டற்ற மென்பொருள் என்பதால் அந்தப் பெயர். பெயர்ச்சொல் என்பதால் ஒலியை மாற்றவில்லை.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், கும்பகோணம்:

கொடை! ‘கொ’, ‘கோ’ நெருக்கத்தைக் கவனித்தீர்களா? கொள், கொடு, கோடல் என்று நம் வேர் விரிகிறது. தென்கடல் வழி மக்கள் போக்குவரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மென்பொருள் தமிழாக்கத் தன்னார்வலர், சேலம்:

ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்து உறவு சொல்ல வேண்டாம், ஐயா. அதை ஒரு முறை எழுதிவிட்டால் நாளைக்கு யாராவது மேற்கோள் காட்டுவார்கள்.

பல்கலைக்கழக நிதிப்பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், திருச்சி:

மூன்றாவது சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கணக்கில் அது ‘தள்ளுபடி’. கடன் தள்ளுபடி போல. விலைக்குறைப்புக்கும் கடைக்காரர்கள் இதைச் சொல்வது உண்மைதான்; அதனால் ‘பதிவுத் தள்ளுபடி’ என்று போடுங்கள்.

இரண்டு வகைத் தள்ளுபடியைக் கலக்கவும் கூடாது. காணாமல் போன நூலைத் தள்ளுவது வேறு, நாமே எடுத்த நூலைத் தள்ளுவது வேறு. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் 215ஆவது விதி முதலாவதைத்தான் பேசுகிறது. ஓர் ஆண்டில் வழங்கிய அல்லது பார்வையிட்ட ஆயிரம் நூலுக்கு ஐந்து வரை காணாமல் போனால், நேர்மைக்கேடோ கவனக்குறைவோ காரணம் இல்லையென்றால், ஏற்கத்தக்க இழப்பு. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலோ, விலை எதுவானாலும் அரிய நூலோ தொலைந்தால் கட்டாயம் விசாரணை. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குத் தணிக்கை வேறு என்றாலும் பலரும் இந்த அளவையே காட்டுவார்கள். குழு எடுத்த நூலை இந்த ஐந்தில் சேர்த்துக் காட்டுவது தவறு. உங்கள் சொல் இந்த வேறுபாட்டைத் தாங்க வேண்டும்.

பழைய நூல் காப்பகப் பணியாளர், சென்னை:

இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தேன். எனக்கு இந்த வேலைக்கு மென்மையான பெயர் வைப்பதிலேயே உடன்பாடு இல்லை.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1969இல் வாங்கிய நூல்களை ஆராய்ந்து, ஏறத்தாழ நாற்பது விழுக்காடு ஆறாண்டுகளில் ஒரு முறைகூட வெளியே போகவில்லை என்றார்கள். அந்த ஆய்வு வந்தபோதே அங்குள்ள பேராசிரியர்கள் எதிர்த்தார்கள். நூலகத்துக்குள்ளேயே உட்கார்ந்து படிக்கப்படும் நூல்களைச் சரியாக எண்ணவில்லை என்பது ஒரு காரணம். நம் நூலகங்களிலும் வழங்கல் எண்ணிக்கைதான் கணினியில் இருக்கிறது. வழங்கும்போது முத்திரை குத்தும் தேதித் தாள் வெறுமையாக இருக்கும் ஒரு நூலை எடுத்து விரித்தால், ஓரத்தில் மூன்று விதமான கையெழுத்தில் பென்சில் குறிப்பு இருக்கும். மேசையில் வைத்துப் படித்திருக்கிறார்கள், வெளியே எடுத்துப் போகவில்லை.

கரிவலம்வந்தநல்லூரில் பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்துத் தீயில் இட்டார்கள் என்று கேட்டு உ.வே.சா. நெஞ்சு நொந்து எழுதியிருக்கிறார். அங்கும் முறைப்படிதான் செய்தார்கள், சாத்திரம் சொல்கிறது என்றுதான் சொன்னார்கள். பேராசிரியர் ஐயாவுக்கு என் வேண்டுகோள்: பழையன கழிதல் என்று பவணந்தியார் சொன்னது வழக்கு வீழ்ந்த சொற்களை. அந்தச் சொற்களும் அகராதியில் இன்றும் இருக்கின்றன, யாரும் அவற்றைக் கட்டுக்கட்டி எடைக்குப் போடவில்லை.

சொல் வேண்டும் என்றால் ‘மறுதேர்வு’ என்று வையுங்கள். வாங்கும்போது தேர்ந்தோம், இப்போது மறுபடி தேர்கிறோம். வைத்துக்கொள்வதும் அதில் ஒரு முடிவாக இருக்கும்.

கல்லூரி நூலக உதவியாளர், சென்னை:

மறுதேர்வு என்றால் மாணவர்களுக்கு அரியர்ஸ். மற்றபடி நீங்கள் சொன்ன ஒவ்வொன்றையும் ஏற்கிறேன் அண்ணா.

வேளாண் கல்லூரி ஆசிரியர், கோவை:

காப்பகத்தார் சொன்னதில் உண்மை இருக்கிறது. களை என்ற பெயர்ச்சொல்தான் தடை என்றால் ‘களைதல்’ என்ற வினையை எடுங்கள். உடை களைந்தான், ஐயம் களைந்தார், துயர் களைந்தாள். அங்கே செடி இல்லை, பழிப்பும் இல்லை. ‘நூல் களைவு.’ கழிவும் இல்லை, ஒதுக்கீடும் இல்லை, பொத்தானும் இல்லை.

மென்பொருள் தமிழாக்கத் தன்னார்வலர், சேலம்:

களைவு எனக்குச் சரி. திரையிலும் இடம் பிடிக்காது. நிலைக்குக் ‘களையப்பட்டது’ என்று போடலாம்.

நூலகர், யாழ்ப்பாணம்:

எங்களுக்குக் கழித்தொதுக்கல் இருக்கிறது; அதை மாற்ற மாட்டோம். உங்கள் கையேட்டுக்குக் களைவு என்றால் மறுப்பில்லை. சொற்கோவையில் இரண்டையும் தாருங்கள். இங்கிருந்து படிக்கிறவருக்கும் அங்கிருந்து படிக்கிறவருக்கும் உதவும்.

துணை நூலகர், மதுரை:

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு முறை தொலைபேசி வந்துவிட்டது. செய்யும் வேலைக்கு ‘நூல் களைவு’, படியின் நிலைக்குக் ‘களையப்பட்டது’, கணக்குக்குப் ‘பதிவுத் தள்ளுபடி’ என்று முடிவு செய்கிறேன். எழுதியவர்களில் பாதிக்குச் சற்று மேல் இதற்கு இசைந்திருக்கிறார்கள். சொற்கோவையில் கழித்தொதுக்கல் அடைப்புக்குறிக்குள் வரும். எங்கள் ஊழியரிடம் காட்டினேன். “இது பரவாயில்லை சார், ஆனா நாங்க வீடிங்னுதான் சொல்லுவோம்” என்றார்.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், கும்பகோணம்:

களைவு என்ற தொழிற்பெயருக்கு இலக்கிய ஆட்சி காட்ட வேண்டும். விளைவு, வளைவு போல ஆக்கம் சரிதான். இருந்தாலும் நூற்கழிப்பே பொருளால் நிறைந்த சொல் என்பது என் கருத்து. பதிவில் இருக்கட்டும்.

பழைய நூல் காப்பகப் பணியாளர், சென்னை:

சொல் எதுவானாலும் கையேட்டில் ஒரு பத்தி சேர்க்க முடியுமா? களைவுப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு தமிழ் நூலையும், குழுவுக்குப் போவதற்கு முன், சென்னைக் கன்னிமாரா நூலகத்தின் பட்டியலிலும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகப் பட்டியலிலும் தேடிப் பார்க்க வேண்டும். பதிப்பாளர்கள் தாங்கள் வெளியிடும் நூலின் படியை அனுப்ப வேண்டும் என்ற 1954 சட்டப்படி நூல் பெறும் நான்கு நூலகங்களில் கன்னிமாராவும் ஒன்று. சட்டம் இருப்பது வேறு, எல்லாப் பதிப்பாளரும் அனுப்புவது வேறு. சிறு ஊரில் அச்சான நூலின் ஒரே படி உங்கள் அடுக்கில் இருக்கலாம். இரண்டு இடத்திலும் இல்லையென்றால் களையக் கூடாது என்று எழுதுங்கள்.

துணை நூலகர், மதுரை:

சேர்த்துவிட்டேன். ‘கூடாது’ என்பதைக் குழு ‘தவிர்க்கலாம்’ என்று மாற்றச் சொல்கிறது. நாளை காலை வரை பேசிப் பார்க்கிறேன்.