பேட்டரியில் 12.6 வோல்ட், ஆர்டுயினோவில் 12.3: ஏ.டி.சி. வேகத்தைக் கூட்டினால் இன்னும் மோசமாகிறது, உதவுங்கள்

வைகறை
வீட்டு இன்வெர்ட்டருக்கு ஒரு கண்காணிப்புக் கருவி செய்கிறேன். பலகை ஆர்டுயினோ ஊனோ, சிப் ஏடிமெகா328பி. ஏ0 பின்னில் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி. நடுவில் மின்னழுத்தத்தைப் பிரித்துக் குறைக்க 1 மெகாஓம், 470 கிலோஓம் ரெசிஸ்டர்கள். கருவியே பேட்டரியைக் காலி செய்துவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு பெரிய ரெசிஸ்டர்களைப் போட்டேன். ஏ1 பின்னில், கம்பியில் ஓடும் மின்சாரத்தை அளக்கும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர். அதன் அலை 2.5 வோல்ட்டை நடுவாக வைத்து ஏறி இறங்கும். நிரலில் இரண்டு பின்களையும் இடைவிடாமல் மாறி மாறிப் படிக்கிறேன்.

பேட்டரி முனையில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டுகிறது. சீரியல் மானிட்டரில் 12.3 வருகிறது, லோடு போட்டால் அதுவும் ஆடுகிறது. அலையை நெருக்கமாகப் பதிவு செய்யலாம் என்று, ஏ.டி.சி.-க்கு (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) சிப்பின் கடிகாரத்தை வகுத்துத் தரும் பிரீஸ்கேலரை 128-லிருந்து 16-க்கு மாற்றினேன். அளவு பத்துக்கும் கீழே போய்விட்டது. சிப் பழுதா? 5 வோல்ட் பின்னையும் அளந்தேன், சரியாகவே இருக்கிறது. எஸ்.டி.எம்.32 போன்ற வேகமான சிப்புக்கு மாறினால் தீருமா?

ஓம்விதி
சிப் பழுதாக இருக்க வாய்ப்பில்லை. எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். பிரீஸ்கேலரை 128-க்கே திருப்புங்கள். கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரை ஏ1-லிருந்து கழற்றிவிட்டு, ஏ1-ஐ முதலில் கிரவுண்டோடும் பிறகு 5 வோல்ட்டோடும் இணைத்து, இரண்டு முறையும் பேட்டரி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றுவதற்கு முன் லோடு முழுவதையும் கட்டாயம் அணைத்துவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் முனைகளுக்குக் குறுக்கே போடும் பர்டன் ரெசிஸ்டர் இல்லாமல் முனை திறந்திருக்கும்போது கம்பியில் மின்சாரம் ஓடினால் அங்கே ஆபத்தான மின்னழுத்தம் எழும்.

வைகறை
செய்து பார்த்தேன் ஐயா. ஏ1 கிரவுண்டில் இருந்தால் பேட்டரி 11.7, 5 வோல்ட்டில் இருந்தால் 12.8. பேட்டரிப் பக்கம் நான் கை வைக்கவே இல்லை. ஏ1-ஐ மாற்றினால் ஏ0 ஏன் மாற வேண்டும்?

ஓம்விதி
உங்கள் சிக்கல் முழுவதும் அந்த இரண்டு எண்களில் இருக்கிறது. இந்தச் சிப்பில் ஆறு அனலாக் பின்கள் இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே ஒரு ஏ.டி.சி. அதன் வாயிலில் சுமார் 14 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று உண்டு. எந்தப் பின்னைப் படிக்கிறோமோ அந்தப் பின்னின் மின்னழுத்தத்துக்கு அது நிரம்ப வேண்டும். அதன் பிறகுதான் அளவை. ஏ1-ஐப் படித்த உடனே ஏ0-க்கு வரும்போது அதில் ஏ1-இன் மிச்சம் இருக்கிறது. புளிக்குழம்பு ஊற்றிய கரண்டியைக் கழுவாமல் பாயசத்தில் விட்டது போலத்தான்.

நிரம்பக் கிடைக்கும் நேரத்தைப் பாருங்கள். ஊனோவின் கடிகாரம் 16 மெகாஹெர்ட்ஸ். பிரீஸ்கேலர் 128 என்றால் ஏ.டி.சி. கடிகாரம் 125 கிலோஹெர்ட்ஸ். ஓர் அளவைக்கு 13 துடிப்புகள், அதாவது 104 மைக்ரோவினாடி. ஆனால் கெப்பாசிட்டர் நிரம்புவதற்கு அதில் முதல் ஒன்றரைத் துடிப்புதான், 12 மைக்ரோவினாடி. மீதி நேரம் கணக்குப் போடுவதற்குப் போகிறது. உங்கள் இரண்டு ரெசிஸ்டர்களும் பின்னுக்குப் பக்கவாட்டு இணைப்பாகத்தான் தெரியும்: 320 கிலோஓம். அதை 14 பிகோஃபாரடால் பெருக்கினால் 4.5 மைக்ரோவினாடி. பத்து பிட் துல்லியத்துக்கு அதைப் போல் ஏழெட்டு மடங்கு நேரம், சுமார் 34 மைக்ரோவினாடி வேண்டும். உங்களிடம் இருப்பது 12. பிரீஸ்கேலரை 16 ஆக்கியதும் அது ஒன்றரை மைக்ரோவினாடியாகச் சுருங்கிவிட்டது.

டேட்டாஷீட்டில் இதெல்லாம் இருக்கிறது. மூல மின்தடை, அதாவது பின்னுக்கு முன்னால் தெரியும் மின்தடை, 10 கிலோஓம் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். முழுத் துல்லியத்துக்கு ஏ.டி.சி. கடிகாரம் 50 முதல் 200 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். நீங்கள் போனது 1 மெகாஹெர்ட்ஸுக்கு.

ஏ0-க்கும் கிரவுண்டுக்கும் நடுவே 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போடுங்கள். 14 பிகோஃபாரடை நிரப்ப அதற்கு ஒரு நொடிப்பொழுதுகூட வேண்டாம்.

வைகறை
மிக்க நன்றி ஐயா. போட்டவுடன் ஆட்டம் நின்றது. ஆனால் 12.5-இலேயே நிற்கிறது, 12.6 வரவில்லை. மீதி 0.1 வோல்ட் எங்கே போகிறது? ஏ0 பின்னிலேயே மல்டிமீட்டரை வைத்தேன், 3.9 வோல்ட் வந்தது. கணக்குப்படி 4.03 வர வேண்டும்.

செப்புக்கம்பி
முதலில் அந்த 3.9-ஐ மறந்துவிடுங்கள். டிஜிட்டல் மல்டிமீட்டருக்குப் பொதுவாக 10 மெகாஓம் உள்மின்தடை உண்டு. 320 கிலோஓம் மூலத்தில் அதை வைத்தால் அதுவே மூன்று சதவீதம் இழுத்துவிடும். அந்த இடத்தில் மீட்டரை நம்பக் கூடாது.

0.1 வோல்ட்டுக்கு வருவோம். கெப்பாசிட்டர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மின்னூட்டத்தைக் கடன் கொடுக்கிறது. அந்தக் கடனை ரெசிஸ்டர்கள் வழியாகத்தான் பேட்டரி அடைக்க வேண்டும். ஏ1-இன் நடு 2.5 வோல்ட், ஏ0 4.03, வித்தியாசம் 1.53. ஒரு முறைக்கு 14 பிகோஃபாரட் × 1.53 = 21 பிகோகூலம். நீங்கள் மாறி மாறிப் படிப்பதால் ஏ0-வுக்கு வினாடிக்குச் சுமார் 4500 முறை. ஆகவே சராசரி ஓட்டம் 96 நானோஆம்பியர். அது 320 கிலோஓமில் 31 மில்லிவோல்ட்டைத் தின்கிறது. பேட்டரி அளவுக்கு மாற்றினால் 0.1 வோல்ட். உங்கள் மிச்சம் அதுதான்.

இரண்டு வழி. பேட்டரி ஒரு வினாடிக்குள் மாறிவிடப் போவதில்லை. ஏ0-ஐ வினாடிக்கு ஒரு முறை படித்தால் போதும். அல்லது ரெசிஸ்டர்களை 33 கிலோஓம், 15 கிலோஓம் ஆக்குங்கள். மூலம் 10.3 கிலோஓமாக இறங்கும். இழுப்பது 0.26 மில்லிஆம்பியர், ஒரு மாதத்துக்கு 0.2 ஆம்பியர்-மணிகூட இல்லை. 150 ஆம்பியர்-மணி பேட்டரி சும்மா நின்றாலே இதைவிடப் பல மடங்கு தானாக இறங்கும். நான் இரண்டையும் செய்வேன்.

வேகத்தைப் பற்றி: 128-இலேயே வினாடிக்கு 9600 அளவுகள். 50 ஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு சுற்றில் 192 புள்ளிகள். கரண்ட்டை அளக்க அது தாராளம். எஸ்.டி.எம்.32எஃப்103 ஒரு மைக்ரோவினாடியில் அளந்துவிடும், உண்மைதான். ஆனால் 14 மெகாஹெர்ட்ஸில் அதன் மிகக் குறுகிய ஒன்றரைத் துடிப்புக்கு மூல மின்தடை 0.4 கிலோஓமுக்குள் இருக்க வேண்டும். பழைய ரெசிஸ்டர்களோடு அங்கே போயிருந்தால் இதைவிட மோசமான எண்கள் வந்திருக்கும். அதில் நிரப்பும் நேரத்தை 239.5 துடிப்பு வரை நீட்டிக்கொள்ளலாம் என்பது நல்ல வசதி; ஆனால் நீட்டினால் வேகம் போய்விடும்.

வைகறை
33, 15 மாற்றிவிட்டேன். ஏ0-ஐ வினாடிக்கு ஒரு முறைதான் படிக்கிறேன். 12.6 வருகிறது, லோடு போட்டாலும் மீட்டரும் கருவியும் ஒன்றாகவே நகர்கின்றன. இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒன்று மட்டும்: யூ.எஸ்.பி.-யைக் கழற்றி அடாப்டரில் ஓட்டினால் அளவு கொஞ்சம் மாறுகிறது.

ஓம்விதி
அது கெப்பாசிட்டர் விவகாரம் இல்லை. ஊனோ அளப்பது 5 வோல்ட் இணைப்பை அளவுகோலாக வைத்து. யூ.எஸ்.பி.-யில் அது 4.8 ஆக இருந்தால் 12.6-ஐ 13.1 என்று காட்டும். சிப்புக்குள் 1.1 வோல்ட் ஒப்பீடு ஒன்று இருக்கிறது. 5 வோல்ட்டை அளவுகோலாக வைத்து அந்த 1.1-ஐ ஓர் அனலாக் வாயிலாகப் படித்தால், அப்போதைய 5 வோல்ட் உண்மையில் எவ்வளவு என்று திருப்பிக் கணக்கிடலாம். அந்த 1.1 சிப்புக்குச் சிப் 1.0 முதல் 1.2 வரை மாறும். எனவே உங்கள் சிப்புக்கு மீட்டரை வைத்து ஒருமுறை அளந்து நிரலில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வாயிலுக்கு மாறியதும் ஓரிரு மில்லிவினாடி பொறுத்துப் படியுங்கள். அதுவும் மெதுவாக நிரப்பும் மூலம்தான்.