லோன் சைனிங்: பேனாவை எடுப்பதற்கு முன் (கலிபோர்னியா)

வீட்டுக் கடன் பத்திரங்களில் கையெழுத்து வாங்கப் போகும் நோட்டரிகளுக்கு இது. உட்கார்ந்ததும் பத்திரக் கட்டைப் பிரிக்காதீங்க. முதலில் ஐடி. கடன் வாங்குபவரின் டிரைவிங் லைசென்ஸைக் கையில் வாங்கி, டீட் ஆஃப் டிரஸ்டில் (வீட்டைக் கடனுக்கு ஈடாக வைக்கும் பத்திரம்) அச்சாகியிருக்கும் பெயரோடு எழுத்து எழுத்தா ஒத்துப் பாருங்க. காலாவதி ஆகியிருந்தாலும், கொடுத்து 5 வருஷத்துக்குள் இருந்தால் இங்கே செல்லும். ஐடியில் இருப்பதைவிடப் பத்திரத்தில் பெயர் சுருங்கியிருக்கலாம், நீண்டிருக்கக் கூடாது. நம்ம ஆட்கள் வீட்டில் தலைவலியே இதுதான்: லைசென்ஸில் 'குமார் எஸ்', பத்திரத்தில் 'குமார் சுப்ரமணியன்'. முந்தின நாள் போனிலேயே லைசென்ஸில் உள்ளபடி பெயரைப் படிக்கச் சொல்லிட்டால், முழுப்பெயர் உள்ள பாஸ்போர்ட்டை எடுத்து வைக்கச் சொல்லலாம். அதுவும் சரிப்படலைன்னா டைட்டில் கம்பெனிக்கு (வீட்டு உரிமையைச் சரிபார்க்கும் நிறுவனம்) போன் போடுங்க. பத்திரத்தில் பெயரை நீங்களே பேனாவால் திருத்தவே கூடாது.

அடுத்து ஜர்னல், அதாவது நோட்டரியின் பதிவுப் புத்தகம். டீட் ஆஃப் டிரஸ்டுக்கு வலது கட்டைவிரல் ரேகை கட்டாயம். விரலைத் துடைத்து, மையில் லேசா ஒற்றி, ஒரே தடவை அழுத்தி நேரா மேலே எடுக்கணும். தேய்த்தால் கறுப்புத் திட்டுதான் மிஞ்சும். மேசையில் இருக்கும் காபி டம்ளரைத் தள்ளி வைக்கச் சொல்ல வெட்கப்படாதீங்க.

— — —

மேலே சொன்னதோடு ஒன்று. கட்டில் எந்த வரிசையில் இருந்தாலும், ஐடியும் ஜர்னலும் முடிந்ததும் முதலில் க்ளோசிங் டிஸ்க்ளோஷரையும் (கடனின் இறுதிக் கணக்கு விவரம்) நோட்டையும் (கடனைத் திருப்பிக் கட்டுவேன் என்ற உறுதிப் பத்திரம்) எடுத்துக் காட்டுவது நல்லது. கடன் தொகை, வட்டி, மாதத் தவணை, கையிலிருந்து கட்டவேண்டியது: இந்த நாலும் எங்கே இருக்குன்னு விரல் வைத்துக் காட்டுங்க. வட்டி வேறன்னு எண்பதாம் பக்கத்தில் கண்டுபிடித்தால் ரெண்டு மணி நேரம் பாழ். "இந்த வட்டி நல்லதா?"ன்னு கேட்பாங்க. பதில் சொன்னால் அது ஆலோசனை. நோட்டரிக்கு அது ஆகாது. லோன் ஆபீசர் நம்பரைக் கையோடு வைத்திருங்க, மாலை சைனிங்னா அவர் போனை எடுப்பாரான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க.

— — —

குடியிருக்கும் வீட்டு ரீஃபைனான்ஸ்னா (பழைய கடனை அடைக்கும் புதுக் கடன்) ரத்து உரிமைத் தாளில் (3 நாளுக்குள் கடனை ரத்து செய்யலாம்னு சொல்லும் தாள்) தேதியையும் அப்பவே பாருங்க. வியாழன் கையெழுத்துன்னா வெள்ளி, சனி, திங்கள் கணக்கு. திங்கள் நள்ளிரவோடு முடியும். சனி சேரும், ஞாயிறும் ஃபெடரல் விடுமுறையும் சேராது. சைனிங் ஒருநாள் தள்ளிப்போயிருந்தால் அச்சில் பழைய தேதியே கிடக்கும். உரிமையாளர் ஒவ்வொருத்தருக்கும் 2 பிரதி. கணவன் மனைவிக்கு 4 இருக்கான்னு வீட்டிலேயே எண்ணிட்டுக் கிளம்புங்க.